மலாக்கா ஆறு கூறும் வரலாறு

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலாக்களில் மலாக்காவுக்கு நீங்காத இடம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பேருந்து இரண்டு மணி நேரத்தில் அந்நகரை அடைந்துவிடும். மாணவர்கள் முதலில் பழைய கோட்டை வாயிலின்முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். பின்னர்க் குன்றேறி இறங்குவர். செந்நிறக் கட்டடங்களைச் சுற்றி வருவர். வெயில் தாழ்ந்தபின் ஆற்றில் படகேறி மகிழ்வர். மாலையில் வீடு திரும்பும்போது, கோட்டை வரலாறாகவும் படகு வெறும் பொழுதுபோக்காகவும் அவர்தம் நெஞ்சில் பதிந்திருக்கும்.

இந்தப் பாகுபாடு பொருந்துவதன்று. மலாக்காவில் கோட்டை தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஆற்றங்கரையில் நகரம் தோன்றிவிட்டது. ஆற்றை நம்பியே துறைமுகம் வந்தது. துறைமுகத்தை நாடியே வணிகர் வந்தனர். வணிகத்தைக் கவரவே அந்நியர் படையெடுத்தனர். ஆதலின், மலாக்காவைக் காணச் செல்வோர் இறுதியில் ஏறும் படகில் முதலிலேயே ஏறுதல் நன்று. அவ்வாறு ஏறுவோர்க்கு, அந்நகரில் தமிழர் எங்கிருந்தனர், என்ன செய்தனர், எதைக் காத்தனர், எதை இழந்தனர் என்பனவெல்லாம் வரிசையாகப் புலப்படும்.

ஆறு ஈன்ற நகரம்

பரமேசுவரன் ஏறத்தாழ 1400 ஆம் ஆண்டில் இந்த ஆற்றின் முகத்துவாரத்தைத் தன் இருப்பிடமாகத் தேர்ந்தெடுத்தான். சருகுமான் வேட்டைநாயை ஆற்றில் உதைத்துத் தள்ளிய கதையை மாணவர் அனைவரும் அறிவர். கதை ஒருபுறமிருக்க, அவ்விடத்தின் இயற்கை அமைப்பே அத்தேர்வுக்குப் போதிய காரணமாகும். எதிரிகளைக் கண்காணிக்க ஆற்றோரம் ஒரு குன்று இருந்தது. குடிப்பதற்கு நன்னீர் கிடைத்தது. கடலில் நங்கூரமிட்ட பெரிய மரக்கலங்களிலிருந்து சரக்குகளைச் சிறு படகுகளில் ஏற்றி ஆற்றுக்குள் கொண்டுவர வழியிருந்தது.

இவற்றினும் பெரிய காரணம் காற்று. ஒரு பருவக்காற்று இந்தியப் பெருங்கடலின் கலங்களைக் கிழக்கு நோக்கிச் செலுத்தும். மற்றொன்று சீனக் கடலின் கலங்களைத் தெற்கு நோக்கிச் செலுத்தும். இரண்டும் சந்திக்கும் நீரிணையில் மலாக்கா அமைந்திருந்தது. வந்த வணிகர் காற்றுத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோர் வீடு கட்டினர், பண்டகசாலை அமைத்தனர், சிலர் மணம் புரிந்து அங்கேயே தங்கினர். இவ்வாறு பல இனத்தார் வாழும் நகரமாக மலாக்கா வளர்ந்தது.

வணிகரின் நலன்களைக் கவனிக்க 'ஷாபந்தர்' எனப்பட்ட துறைமுகத் தலைவர் நால்வரைச் சுல்தான்கள் நியமித்தனர். ஒருவர் குஜராத்தியர்க்கு உரியவர். மற்றொருவர் தமிழர் உள்ளிட்ட சோழமண்டலக் கரையினர், வங்காளத்தார், பெகு, பாசாய் நாட்டினர் ஆகியோர்க்கு உரியவர். மூன்றாமவர் சாவகம், மலுக்கு முதலிய தீவினர்க்கும், நான்காமவர் சீனர், சம்பா நாட்டினர் முதலியோர்க்கும் உரியவர். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் வாழ்ந்த போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்துள்ளார். அவற்றுள் தமிழும் ஒன்று.

இரு கரைகள்

இன்றைய படகு முகத்துவாரத்தின் அருகிலிருந்து புறப்பட்டு, மேல்நோக்கிச் சென்று, மீண்டும் திரும்புகின்றது. போகவர ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஆசிரியர் மாணவர்க்கு இரண்டு திசைகளைச் சுட்டிக்காட்டலாம். வலப்புறம் இருப்பது ஆட்சியாளர் கரை. சுல்தானின் அரண்மனையும், அதன்பின் போர்த்துக்கீசியர் கோட்டையும், அதன்பின் டச்சுக்காரரின் நகர மன்றமும் அக்கரையிலேயே அமைந்தன. இடப்புறம் இருப்பது வணிகர் கரை. அக்காலத்தில் 'உப்பே' என வழங்கிய பகுதி அதுவே. தமிழ் வணிகரும் சாவக வணிகரும் அங்கு வாழ்ந்தனர். 1613 இல் மலாக்காவைப் பற்றி எழுதிய எரேடியா என்பவரும் தமது வரைபடத்தில் அக்கரையிலேயே 'கம்போங் கிளிங்' எனும் பகுதியைக் காட்டியுள்ளார்.

'கிளிங்' எனும் சொல் கலிங்கம் என்பதன் திரிபு என்பர். தென்னிந்தியாவிலிருந்து வந்தோரைக் குறிக்கும் பொதுப்பெயராகப் பழைய மலாய் ஏடுகளில் அது வழங்கிற்று. பிற்காலத்தில் அச்சொல் இழிவுப் பொருள் ஏற்று மனத்தைப் புண்படுத்துவதாயிற்று. எனினும், அப்பெயர் தாங்கிய பழைய தெருவையும் பள்ளிவாசலையும் காணும் மாணவன், முன்னோர் இங்கு அண்மையில் வந்தவரல்லர் என்பதை உணர்வான்.

இரு கரைகளையும் இணைத்து ஒரு பாலம் இருந்தது. அதன்மேல் கடைகளும் இருந்தன. இன்று தான் கிம் செங் பாலம் இருக்கும் இடத்தையொட்டியே அது அமைந்திருந்தது. 1511 இல் அபோன்சோ டி அல்புகர்க் மலாக்காவைத் தாக்கியபோது போர் இப்பாலத்தை மையமாகக் கொண்டே நிகழ்ந்தது. பாலம் பறிபோனால் அரண்மனைக் கரையும் வணிகர் கரையும் துண்டிக்கப்பட்டுவிடும். முதல் தாக்குதலில் பாலத்தைப் பிடித்தும் நிலைநிறுத்த இயலாமல் பின்வாங்கிய போர்த்துக்கீசியர், அடுத்த முறை உயரமான மரக்கலம் ஒன்றை ஆற்றுக்குள் கொண்டுவந்தனர். மணல்மேட்டில் தட்டி நின்ற அக்கலம், கடலேற்றம் வரும்வரை காத்திருந்தே பாலத்தை நெருங்கியது. ஆகஸ்டு மாதத்தில் நகரம் வீழ்ந்தது. பாலத்தின் நிழலில் படகு கடந்து செல்லும் அந்தச் சில நொடிகளில் இந்நிகழ்ச்சியைச் சொன்னால், மாணவன் அதை எளிதில் மறக்கமாட்டான்.

நைனா சத்துவின் வாழ்வு

வணிகர் கரையில் வாழ்ந்தோருள் நைனா சத்து எனும் பெருவணிகன் குறிப்பிடத்தக்கவன். 1509 இல் முதன்முதலாக வந்த போர்த்துக்கீசியருள் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டனர். அவர்களுக்கு இவ்வணிகன் உதவி புரிந்தான். நகரம் வீழ்ந்தபின், இசுலாமியர் அல்லாத குடிகளுக்குப் பெண்டஹாராவாக அவனை அல்புகர்க் நியமித்தான். புதிய ஆட்சியினருடன் பங்கு சேர்ந்து பெகு முதலிய துறைமுகங்களுக்கு அவன் கலம் செலுத்தினான். ஆயினும், 1514 இல் அப்பதவி அவனிடமிருந்து பறிக்கப்பட்டுக் கம்பார் அரசனுக்கு அளிக்கப்பட்டது. அந்த இழிவைப் பொறாத நைனா சத்து, நறுமண விறகு அடுக்கித் தீ மூட்டி அதில் பாய்ந்து உயிர்விட்டான் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இவனைத் தமிழர் பெருமைக்குச் சான்றாக மட்டும் பேசுவோர் உண்டு. காட்டிக்கொடுத்தவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரும் உண்டு. இரண்டும் வரலாறு ஆகா. தன்னை வாழவைத்த நகரைத் தாக்க வந்தவர்க்கு அவன் துணைநின்றான் என்பது உண்மை. அரசவைப் பூசல்களால் வணிகர் பலர் அந்நாளில் மனங்கசந்திருந்தனர் என்பதும் உண்மை. அந்நியர் தந்த பதவியை அந்நியரே பறித்துக்கொண்டனர் என்பதும் உண்மை. இம்மூன்றையும் மாணவர்முன் வைத்து, அவர்களையே எண்ணிப் பார்க்கச் செய்வது ஆசிரியர் கடன்.

கல் வீழ்ந்தது, எழுத்து நின்றது

படகிலிருந்து இறங்கிய பின்னரே குன்றுக்கும் கோட்டைக்கும் செல்லுதல் முறையாகும். போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டைக்கு, இடிக்கப்பட்ட பள்ளிவாசல், அரச கல்லறை ஆகியவற்றின் கற்களும் பயன்பட்டன. 1641 இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். இன்று நிற்கும் சந்தியாகோ வாயிலின் முகப்பில் அவர்கள் பொறித்த 1670 எனும் ஆண்டைக் காணலாம். அக்காலத்தில் கடல் கோட்டைக்கு மிக அருகில் இருந்தது. இன்று அங்கே தூர்த்தெடுத்த நிலத்தில் கடைகள் நிற்கின்றன. 2006 இல் கோபுரம் ஒன்று அமைக்க நிலத்தைத் தோண்டியபோது கோட்டைக் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன்மேல் மீண்டும் கட்டப்பட்ட மிடல்பர்க் கொத்தளத்தை ஆற்றோரத்தில் படகிலிருந்தே காணலாம்.

கோட்டையை அழித்தவர் ஆங்கிலேயர். மலாக்கா மீண்டும் டச்சுக்காரர் கைக்குப் போனால் அக்கோட்டை தமக்கே இடையூறாகும் என அஞ்சி, 1807 இல் அதை இடிக்கத் தொடங்கினர். மனிதக் கரங்கள் தோற்றபின் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். யானையளவு பாறைகள் வானில் எழுந்து வீழ்ந்ததைச் சிறுவனாக இருந்து கண்டவர் முன்ஷி அப்துல்லா. யெமன் நாட்டு அரபியரும் நாகூர்த் தமிழரும் கலந்த குடிவழியில், மலாக்காவின் கம்போங் பாலியில் தோன்றியவர் அவர். 1849 இல் அச்சேறிய அவருடைய 'ஹிகாயத் அப்துல்லா' மலாய் உரைநடையில் புதுநெறி வகுத்த நூலாகப் போற்றப்படுகின்றது.

அந்நூலில் தமிழாசிரியர் அனைவரும் அறியவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. இளமையில் தாம் இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றதாக அப்துல்லா கூறுகின்றார். மலாக்காவின் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் பயில்வது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்றும், கணக்கெழுதவும் வணிகரோடு உரையாடவும் அது தேவைப்பட்டது என்றும் அவர் எழுதுகின்றார். அதாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் இந்நகரில் வீட்டுமொழியாக மட்டும் அன்றி, பிறரும் விரும்பிக் கற்ற வாணிக மொழியாகவும் இருந்தது. அவர்களைத் தமிழ் கற்கத் தூண்டியது அதன் பழம்பெருமையன்று, அன்றாடப் பயனே.

ஆலயம் நின்றது, மொழி நழுவியது

பிற்பகலில் வணிகர் கரையின் தெருக்களுக்குள் நடந்தால், சிறிது தொலைவுக்குள் மூன்று வழிபாட்டிடங்களைக் காணலாம். 1748 இல் இந்திய இசுலாமிய வணிகர் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் ஒன்று. அடுக்குக் கூரையும் சீனக் கோபுரத்தை ஒத்த மினாராவும் கொண்டது. பழமை வாய்ந்த செங் ஊன் தெங் எனும் சீனக் கோயில் மற்றொன்று. மூன்றாவது, பொய்யாத விநாயகர் ஆலயம். டச்சு ஆட்சியினர் செட்டிச் சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டியிடம் அளித்த நிலத்தில் 1781 இல் அவ்வாலயம் எழுந்தது.

அந்தச் செட்டிச் சமூகத்தார், மலாக்கா சுல்தானியக் காலத்தில் வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து வாழ்ந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். பிற்காலத்தில் நாட்டுக்கோட்டையிலிருந்து வந்த நகரத்தாரினின்றும் இவர்கள் வேறானவர்கள். காலப்போக்கில் வணிகம் இவர்கள் கையைவிட்டு நழுவியது. நகரின் புறத்தே காஜா பேராங்கில் குடியேறிப் பலர் உழவை மேற்கொண்டனர். அங்கே 1822 இல் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயம் இன்றும் இவர்களின் சமய வாழ்வுக்கு நடுநாயகமாக விளங்குகின்றது. போகியன்று வாழையிலையில் உணவு படைத்து முன்னோரை வணங்குகின்றனர், பொங்கலிடுகின்றனர், அம்மனுக்கு விழா எடுக்கின்றனர். ஆனால், இவர்கள் வீட்டில் பேசுவது மலாய்.

இதனைக் குறையாகக் கூறுவது பொருந்தாது. அந்நியர் ஆட்சிகள் பல மாறியும், மதமாற்றத்துக்கு வாய்ப்புகள் பல இருந்தும், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் சைவ நெறியைக் கைவிடாத உறுதி எளியதன்று. எனினும், அருகருகே வைத்து நோக்கத்தக்க இரு செய்திகள் இங்குக் கிடைக்கின்றன. தமிழுக்குப் பயன் இருந்தவரை, பிற குடிப்பிள்ளைகளும் அதைப் பயின்றனர். வீட்டிலும் தொழிலிலும் அதன் பயன் குறைந்தபின், தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களாலேயே அதைக் காக்க இயலவில்லை. ஆலயம் சமயத்தைக் காத்தது; மொழியைக் காக்க ஆலயம் மட்டும் போதவில்லை. மொழி அழிந்ததற்கு யாரும் தடைச்சட்டம் இயற்றவில்லை. தாய் தன் பிள்ளையிடம் வேறு மொழியில் பேசத் தொடங்கியபோதே அது ஓசையின்றி நிகழ்ந்தது.

சுற்றுலாவின் பயன்

2008 இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்னரே ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணியும் தொடங்கிவிட்டது. கரைகளில் நடைபாதை அமைந்தது. வீட்டுச் சுவர்களில் ஓவியங்கள் தோன்றின. கம்போங் மோர்த்தேனின் மலாய் மரவீடுகள் படகில் செல்வோரின் கண்ணுக்கு விருந்தாயின. இந்த அழகை மாணவர்கள் கண்டு களிக்கட்டும். களிப்போடு சில வினாக்களும் அவர்கள் நெஞ்சில் எழ ஆசிரியர் வழிசெய்ய வேண்டும்.

பயணத்துக்கு முன் வகுப்பில் நகரின் படம் ஒன்றை வரையச்செய்து, ஆற்றின் இரு கரைகளையும் குறிக்கச் சொல்லலாம். முற்பகலில் படகு, பின்னர்க் குன்றும் கோட்டையும், பிற்பகலில் ஆலயத் தெரு, இறுதியில் செட்டிக் கம்போங் என வரிசைப்படுத்தினால், ஒரே நாளில் அறுநூறு ஆண்டுகளின் தொடர்ச்சி மாணவனுக்குப் புலனாகும். மறுநாள் வகுப்பில் எழுதப்படும் கட்டுரையின் தலைப்பு 'நான் கண்ட மலாக்கா' என்று இருக்க வேண்டியதில்லை. 'அப்துல்லா ஏன் தமிழ் கற்றார்?' என்று ஒரு வினாவாக அது அமையலாம்.

அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன், தான் ஏன் தமிழ் கற்கின்றோம் என்றும் ஒருநாள் தன்னையே கேட்டுக்கொள்வான். கோலாலம்பூர் திரும்பும் பேருந்தில் தன் தோழனோடு அவன் எந்த மொழியில் உரையாடுகின்றான் என்பதிலேயே அவ்வினாவுக்குரிய முதல் விடை அடங்கியுள்ளது.