மூடி முதலில் மூப்படைகிறது

  ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஓர் இடுக்கி. பழைய போர்ட் ஒயின் பாட்டிலைத் திறப்பதற்காகப் பழுக்கக் காய்ச்சிப் பயன்படுத்தும் இரும்பு இடுக்கி. இதைக் கேட்டதும் நாகர்கோவிலில் இருக்கும் அம்மா, "கர்த்தரே, கோயிலுக்குப் போற பிள்ள, ஒயின் பாட்டிலப் பத்தியா பேசப் போற?" என்றார். "ஒயினப் பத்தி இல்லம்மா, மூடியப் பத்தி" என்று சொல்லித் தப்பித்தேன். பிறகு யோசித்தபோது, அதுதான் உண்மையும்கூட என்று தோன்றியது.

பார்ப்பதற்கு அது கொல்லன் பட்டறைக் குறடு போலத்தான் இருக்கும். நீண்ட இரண்டு கைப்பிடிகள், நுனியில் இரண்டு அரைவட்டங்கள். மூடினால் அவை சேர்ந்து ஒரு வளையமாகும். பாட்டிலின் கழுத்தை அந்த வளையம் சுற்றிப் பிடிக்கும். போர்ச்சுக்கலின் போர்ட்டோ நகரத்திலும், டோரோ ஆற்றின் மறுகரையில் ஒயின் கிடங்குகள் வரிசையாக நிற்கும் வில நோவா டி கையாவிலும் இன்றும் இதைக் காணலாம்.

முறை எளிமையானது. முதல் நாளே பாட்டிலை நேராக நிறுத்திவிட வேண்டும். பல வருடங்களாகப் படிந்த வண்டல் அடியில் இறங்கட்டும். மறுநாள் இடுக்கியின் நுனியை நெருப்பில் வைத்துச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். தக்கையின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, கழுத்தைச் சுற்றி அதை வைத்து, ஒரு நிமிடம் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். இடுக்கியை எடுத்த கையோடு, அதே இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்ற வேண்டும். "டிக்" என்று ஒரு சத்தம். கழுத்து, தக்கையோடு சேர்ந்து, வளையமாகக் கையில் வந்துவிடும். பாட்டில் குலுங்குவதில்லை. உள்ளிருக்கும் ஒயின் சூடாவதற்கு நேரமும் இல்லை. பிறகு மஸ்லின் துணியில் வடிகட்டி, வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு மெதுவாக மாற்றிவிடுவார்கள்.

இதன் விஞ்ஞானம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கரண்ட் போகும் இரவுகளில் எங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்கு எரியும். ஒருநாள் ஈரக்கையோடு நான் பக்கத்தில் போனபோது, சூடான சிம்னிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தது. அதே "டிக்". அதற்கு வாங்கிய அடியும் நினைவிருக்கிறது. கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேற்பரப்பு திடீரென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது, உட்பகுதி இன்னும் விரிந்தே இருக்கும். இரண்டுக்கும் நடுவே இழுபறி. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் சூடுபட்ட கோட்டின் வழியே விரிசல் ஓடிவிடுகிறது. மண்ணெண்ணெய் நனைத்த நூலைப் பாட்டிலில் சுற்றிக் கொளுத்தி, தண்ணீரில் முக்கி, பாட்டிலை இரண்டாக்கும் வித்தையை உங்களில் பலர் செய்து பார்த்திருப்பீர்கள். அதேதான் இது.

ஆனால் ஒரு பாட்டிலைத் திறக்க அதன் கழுத்தையே ஏன் உடைக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல மூன்று வரலாறுகளைத் தொட வேண்டும்.

முதலாவது, ஒயினின் வரலாறு. இங்கிலாந்துக்காரர்கள் விரும்பிக் குடித்தது பிரெஞ்சு ஒயினைத்தான். ஆனால் பிரான்சோடு அவர்களுக்குப் பகை தீரவில்லை. 1678இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் பிரெஞ்சு இறக்குமதிக்குத் தடை போட்டது. 1703இல் போர்ச்சுக்கலோடு மெத்யூன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இங்கிலாந்தின் கம்பளித் துணி போர்ச்சுக்கலுக்குள் போகும். பதிலுக்கு, போர்ச்சுகீசிய ஒயினுக்கான வரி பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். இப்படி வரிக்கணக்கில் வளர்ந்த பானம் போர்ட். கடல் பயணத்தில் கெடாமல் இருக்கப் பிராந்தி சேர்த்தார்கள். பிறகு, திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே சேர்த்து, நொதிப்பைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் வந்தது. அதனால் இனிப்பும் மிஞ்சியது, வீரியமும் கூடியது. 550 லிட்டர் பீப்பாய்க்கு 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் திராட்சைச் சாராயம் என்பது பழைய கணக்கு. லாபம் பெருகியதும் கலப்படம் வந்தது. நிறத்துக்காக எல்டர்பெர்ரிப் பழச்சாற்றைக் கலந்தார்கள். 1756இல் பொம்பால் பிரபு ஓர் அரசு நிறுவனத்தைத் தொடங்கி, டோரோ பள்ளத்தாக்கில் எந்த நிலத்து ஒயினை ஏற்றுமதி செய்யலாம் என்று கல் நட்டு எல்லை வகுத்தார். எல்டர்பெர்ரிச் செடிகளைப் பிடுங்கி எறியவும் உத்தரவிட்டார்.

எங்கள் தொழிலுக்குள்ளும் இந்த ஒயின் வந்திருக்கிறது. கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையில், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் காலத்தில், மிகவும் நலிந்த சிப்பாய்களுக்கு அரோரூட் கஞ்சியோடும் மாட்டிறைச்சிச் சாற்றோடும் போர்ட் ஒயினும் கொடுக்கப்பட்டது. அன்று அது மருந்து.

இரண்டாவது, கண்ணாடியின் வரலாறு. 1615இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். கப்பல் கட்ட மரம் வேண்டியிருந்தது. உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரி உலையின் சூடு அதிகம். அதில் தடித்த, இருண்ட, உறுதியான பாட்டில்கள் பிறந்தன. தொடக்கத்தில் அவை வெங்காயம் போலக் குண்டாக இருந்தன, நிற்க மட்டுமே முடியும். 18ஆம் நூற்றாண்டு முழுவதும் அவை மெல்ல மெல்ல ஒல்லியாகி, நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நாம் இன்று பார்க்கும் உருளை வடிவத்துக்கு வந்தன. உருளையைப் படுக்க வைக்கலாம். படுக்க வைத்தால் தக்கை எப்போதும் நனைந்திருக்கும், காய்ந்து சுருங்காது. ஒயினைப் பல பத்தாண்டுகள் பாட்டிலிலேயே முதிர வைக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல விளைச்சல் வருடத்து ஒயினை மட்டும் இரண்டு மூன்று வருடங்களில் பாட்டிலில் அடைத்து நெடுங்காலம் காத்திருக்கும் 'விண்டேஜ் போர்ட்' அப்படித்தான் உருவானது.

மூன்றாவது, தக்கையின் வரலாறு. போர்ச்சுக்கல்தான் இன்றும் உலகிலேயே அதிகமாகத் தக்கை விளைவிக்கும் நாடு. தக்கை ஓக் மரத்தை நட்டால் முதல் முறை பட்டை உரிக்க ஏறத்தாழ 25 வருடம் காத்திருக்க வேண்டும். அதன்பின் 9 வருடத்துக்கு ஒருமுறை உரிக்கலாம். முதல் இரண்டு முறை கிடைக்கும் பட்டை பாட்டிலுக்கு உதவாது. மூன்றாவது உரிப்பில்தான் நல்ல மூடி கிடைக்கும். அதாவது நட்டு 40 வருடங்களுக்கும் மேல். அப்பன் நட்ட மரத்தில் மகன் மூடி எடுக்கிறான்.

இவ்வளவு பொறுமையாக வளர்ந்த தக்கைக்கும் ஆயுள் உண்டு. முப்பது, நாற்பது வருடங்களில் அது நெகிழ்வை இழக்கத் தொடங்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். திருகைச் செலுத்தினால் மண்ணாக உதிரும். பழைய போர்ட் பாட்டில்களின் கழுத்து நடுவில் சற்றே புடைத்திருக்கும். தக்கை அங்கே உப்பி உட்கார்ந்துவிடுவதால் முழுதாக வெளியே வராது. உதிர்ந்த துகள் ஒயினில் விழும், இழுத்த இழுப்பில் வண்டல் கலங்கும். உள்ளே இருப்பதோ இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. மூடி முதலில் மூப்படைந்துவிடுகிறது. பழைய துருத்தி உவமையை ஞாயிறு பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. என்ன, இங்கே ரசமும் பழையது.

நண்பர்களே, இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். உலைக்காரர், பாட்டில் செய்தவர், தக்கை வெட்டியவர், எல்லோரும் எப்படி மூடுவது என்றுதான் யோசித்தார்கள். திறக்கவும் ஒரு கருவி வந்தது. சாமுவேல் ஹென்ஷால் என்ற பாதிரியார் 1795இல் தக்கைத் திருகுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது இளம் தக்கைக்கானது. மூடியவர் இல்லாமல் போன பிறகு, ஐம்பது வருடம் கழித்து வந்து திறப்பவரின் கஷ்டத்துக்குப் பதில் இந்த இடுக்கிதான். எதைக் காப்பாற்ற முடியாது என்று முதலில் ஒப்புக்கொள்கிற கருவி அது. கழுத்து போகட்டும், உள்ளே இருப்பது பிழைக்கட்டும் என்கிறது.

எங்கள் தொழிலில் ஆம்பூல் என்று ஒன்று உண்டு. ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி. 1886இல் ஸ்தானிஸ்லாஸ் லிமூசின் என்ற பிரெஞ்சு மருந்தாளர் உருவாக்கியது. அதற்குத் தக்கையே கிடையாது, கண்ணாடியையே உருக்கி மூடியிருக்கும். உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்று தெரிந்தே கழுத்தை மெல்லியதாகச் செய்திருப்பார்கள். ஊரில் நான் நர்சிங் டிப்ளமோ படித்த காலத்தில், சின்ன அரத்தால் கழுத்தில் ஒரு கோடு போட்டு, பஞ்சு சுற்றி ஒடிப்போம். கோடு சரியாக விழுந்தால் சுத்தமாக ஒடியும். தவறினால் சில்லு மருந்துக்குள் போகும், அல்லது விரலுக்குள் போகும். என் இடது பெருவிரலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

அந்த விரலை நம்பித்தான் ஒருநாள் என் கையில் போர்ட் இடுக்கியைக் கொடுத்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். தொண்ணூறை நெருங்கிய ஒரு பெரியவர், கடைசி வாரங்களில் இருந்தார். இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால், அந்த வருடத்துப் போர்ட்டை வாங்கிக் கிடங்கில் படுக்க வைப்பார்கள். இருபத்தொரு வயதில் பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து திறப்பார்கள். அவருடைய மகன் பிறந்தது 1963இல். போர்ட்டுக்கு மிகச் சிறந்த வருடங்களில் ஒன்று அது. அவர் ஒரு டஜன் வாங்கினார். மகன் பத்தொன்பது வயதில் விபத்தில் இறந்துபோனான். பதினொரு பாட்டில்களை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் கொடுக்கவுமில்லை, திறக்கவுமில்லை.

அதைத் திறக்க வேண்டும் என்று அவரே ஒருநாள் மகளிடம் சொன்னார். அந்த ஒரு மகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் லேபிள் கிடையாது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கு வெள்ளைச் சாயம் ஒரு தீற்றல், அவ்வளவுதான். 1970களின் நடுப்பகுதி வரை போர்ட் பீப்பாயில் வந்து, இங்கிலாந்து வணிகர்களே பாட்டிலில் அடைத்ததும் உண்டு. மகள் திருகை வைத்துப் பார்த்துவிட்டுப் பயந்து நிறுத்திவிட்டார். தக்கை பொடியத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இடுக்கி இருந்தது, ஆனால் அவர் கை நடுங்கும். "நீங்கள் தினமும் கண்ணாடி உடைக்கிறவர்தானே" என்றார் என்னிடம்.

வேலை நேரம் முடிந்திருந்தது. சமையலறை அடுப்பில் இடுக்கி சிவந்தது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு கழுத்தில் பிடித்தேன். சீருடையில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து, நாடி பிடித்து எண்ணுவது போல எண்ணினேன். ஐம்பது வருடமாக ஒரு மனிதர் தொடாமல் வைத்திருந்தது. ஒரு சில்லு விழுந்தாலும் முழுவதையும் கொட்ட வேண்டியதுதான், வேறு பாட்டில் இல்லை. அறுபது வந்ததும் இடுக்கியை எடுத்தேன். மகள் ஈரத்துணியைச் சுற்றினார். "டிக்."

கழுத்து வளையமாக வந்தது. வெட்டிய இடம் வழவழவென்று இருந்தது. மஸ்லின் துணியிலும் சில்லு எதுவும் இல்லை.

அவரால் அப்போது எதையும் விழுங்க முடியாது. வாயைத் துடைத்து ஈரமாக வைப்பதற்கு, குழந்தைகளுக்கான மென்மையான சின்னப் பிரஷ்ஷைப் பயன்படுத்துவோம். அதைப் போர்ட்டில் தோய்த்து, உதறி, அவருடைய உதட்டிலும் நாக்கிலும் மகள் தடவினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு, "நன்றாக வந்திருக்கிறான்" என்றார். ஆங்கிலத்தில் ஒயினை 'அவன்' என்று சொல்வதில்லை. நாங்கள் மூவரும் திருத்தவில்லை.

அவர் போன பிறகு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் விளிம்பில் அந்தக் கண்ணாடிக் கழுத்து இருந்தது. திருகால் முழுதாக எடுத்திருந்தால் தக்கை உதிர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். இடுக்கியால் வெட்டியதால் அது கண்ணாடிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், தக்கையின் பக்கவாட்டில் சுட்டுப் பதித்த வருடத்தைப் படிக்கலாம். 1963.