வாடகைக் கிடங்கில் கருவிகள் திருடு போனால்...

ஒயரிங், குழாய், வெல்டிங் வேலை செய்வோருக்குக் கருவிகள்தான் பிழைப்பு. வாடகைக்கு எடுத்த கிடங்கின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தால் எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு, அன்றே போலீசில் புகார் செய்ய வேண்டும். பொருள் வைக்கும் கட்டடத்தில் திருடுவது, மலேசியக் குற்றவியல் சட்டம் செக்‌ஷன் 380-இன் கீழ் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

“டிரில் ஒன்றைக் காணவில்லை” என்று மட்டும் புகாரில் சொன்னால் போதாது. பிராண்டு, மாடல், கருவியில் உள்ள வரிசை எண், விலை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். கருவி பிடிபட்டால், அது தம்முடையது என்று காட்ட உரிமையாளருக்கு அந்த எண்ணே வலுவான சான்று. காப்புறுதி எடுத்திருந்தால், இழப்பீடு கோரவும் புகாரின் நகல் தேவைப்படும்.

சிசிடிவி பதிவு நாளடைவில் அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கும்படி கிடங்கு நிர்வாகத்திடம் உடனே எழுத்து மூலம் கேட்க வேண்டும். பொருளுக்கு யார் பொறுப்பு என்பதை வாடகை ஒப்பந்தத்தில் பார்ப்பது அவசியம். நிர்வாகத்தின் கவனக்குறைவே காரணம் என்று காட்ட முடிந்தால், தனிநபர் ஒருவர் 5,000 ரிங்கிட் வரையிலான இழப்பை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகக் கோரலாம்.

திருடு போன பிறகு வரிசை எண்ணைத் தேட முடியாது. ஒவ்வொரு கருவியின் எண்ணையும் ரசீதையும் இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.