ஹில் எண்ட்

ஹில் எண்ட், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாதர்ஸ்ட் நகருக்கு வடக்கே மலைகளுக்கு நடுவில் உள்ள சிற்றூர். விராஜுரி பழங்குடியினரின் நிலத்தில் அமைந்தது. தங்கம் தேடி வந்த கூட்டத்தால் 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 8,000 பேர் வாழும் நகரமானது. சில ஆண்டுகளிலேயே அடங்கிப்போனது.

அன்றைய நியூ சவுத் வேல்ஸ் காலனியில், கைக்கூலிக்குக் கட்டுப்படியாகும் அளவுக்குத் தங்கம் இருப்பதை 1851இல் ஓஃபிர் என்னும் இடத்தில் கண்டவர்கள் ஜான் லிஸ்டரும் டாம் சகோதரர்களும். தங்கம் அரிக்கும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் பேரையும் பரிசையும் தட்டிக்கொண்டு போனார். அதே ஆண்டில் ஹில் எண்டை அடுத்த தம்பரூராவிலும் மக்கள் குவிந்தார்கள்.

இங்கே கிடைத்த தங்கம் இரு வகை. ஓடை மணலிலும் வண்டலிலும் பொடியாகவும் மணியாகவும் கிடைத்தது ஒன்று. மண்வெட்டியும் தட்டும் இருந்தால் தனியாள் அதை அரித்தெடுத்துவிடலாம். மற்றொன்று, குவார்ட்சு என்னும் வெங்கச்சங்கல்லில் இழையோடிக் கிடப்பது. அதற்குச் சுரங்கம் வெட்ட வேண்டும், வெடி வைக்க வேண்டும், கல்லை இடித்துப் பொடியாக்க ஆலை வேண்டும். அதனால் முதல் போட்ட கம்பெனிகளின் கைக்கே அது போனது. ஹில் எண்டை நகரமாக்கியது ஊரை ஒட்டிய ஹாக்கின்ஸ் ஹில் குன்றின் இந்த இரண்டாம் வகைத் தங்கம்தான்.

1872 அக்டோபர் 19 இரவு, ஸ்டார் ஆஃப் ஹோப் சுரங்கத்தில் வெடி வைத்தபோது ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த பாளம் ஒன்று வெளிப்பட்டது. எடை சுமார் 286 கிலோ. அதில் தங்கம் ஏறத்தாழ 93 கிலோ. பலரும் இதை உலகின் மிகப் பெரிய தங்கக்கட்டி என்று எழுதுகிறார்கள். அது கட்டி அன்று. தங்கம் படர்ந்த பாறைத் துண்டு. சுரங்கப் பங்குதாரர்களில் ஒருவரான பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் அதை முழுதாக வாங்கி வைத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. அது இடித்து உருக்கப்பட்டது. பாளத்தின் மேல் கைவைத்து அவர் நிற்கும் புகழ்பெற்ற படம் தனித்தனிப் படங்களை ஒட்டி உண்டாக்கியது.

ஹோல்டர்மன் ஹாம்பர்கில் பிறந்தவர். தமக்குக் கிடைத்த செல்வத்தில் அவர் செய்த பெரிய காரியம், பியூஃபோய் மெர்லின், சார்லஸ் பேலிஸ் என்னும் படப்பிடிப்பாளர்களுக்குத் துணைநின்றது. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அப்படித்தான் இருவரும் கடை கடையாக, வீடு வீடாக எடுத்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் முன்னால் முதலாளியும் வேலையாட்களும் குழந்தைகளும் அசையாமல் நிற்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பலகை எழுத்துகளைக்கூட வாசிக்கலாம். அரசர்களின் ஊர்வலங்களுக்குப் படம் உண்டு. கசாப்புக்காரரும் தையற்காரரும் தத்தம் கடைவாசலில் இவ்வளவு தெளிவாகப் பதிவான ஊர் அரிது. மெர்லின் 1873இல் இறந்தார், பேலிஸ் தொடர்ந்தார். பின்னர் அந்தத் தகடுகளை உலகம் மறந்தது. 1951இல் சிட்னியின் சாட்ஸ்வுட் பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் சுமார் 3,500 தகடுகள் கண்டெடுக்கப்பட்டன. இன்று அவை மாநில நூலகத்தில் உள்ளன. யுனெஸ்கோ உலக நினைவகத் திட்டத்தின் ஆஸ்திரேலியப் பதிவேட்டிலும் இடம்பெற்றுள்ளன.

தங்கம் வற்றியதும் மக்கள் கலைந்தார்கள். 1947இல் ரஸல் டிரைஸ்டேல், டொனால்ட் ஃபிரண்ட் ஆகிய ஓவியர்கள் இங்கு வந்தார்கள். டிரைஸ்டேலின் ‘தி கிரிக்கெட்டர்ஸ்’ ஓவியம் இவ்வூரிலிருந்து பிறந்தது.

1967இல் வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஹில் எண்டில் இன்று சுமார் நூறு பேர் வாழ்கிறார்கள். தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. 28 மதுவிடுதிகளில் எஞ்சியது 1872இல் கட்டிய ராயல் ஹோட்டல் ஒன்றே. சிட்னியிலிருந்து காரில் நான்கு மணி நேரப் பயணம். போகுமுன் நூலகத்தின் இணையத்தளத்தில் அந்தப் படங்களைப் பார்த்துவிடுங்கள். ஊரில் இப்போது புல் முளைத்த காலி மனைகளே மிகுதி. எந்த மனையில் எந்தக் கடை இருந்தது என்பதைப் படங்கள்தாம் சொல்லும்.