கைபேசியில் வரும் அலுவலக மின்னஞ்சல் ஒரு கணினியில் மட்டும் வராதது ஏன்? கண்டறியும் வழிமுறைகள்

அலுவலக மின்னஞ்சல் கைபேசியில் தடையின்றி வந்துகொண்டிருக்க, மேசையில் உள்ள கணினியில் மட்டும் 'சர்வருடன் இணைக்க இயலவில்லை' என்ற அறிவிப்பு தோன்றுவதுண்டு. சில நேரங்களில், சரியான கடவுச்சொல்லை அளித்த பின்னரும் அதையே மீண்டும் மீண்டும் கேட்கும் பெட்டி திரையில் வரும். இத்தகைய நேரங்களில் பலர் முதலில் செய்வது, மின்னஞ்சல் மென்பொருளில் இருந்து கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பதுதான். அவ்வாறு செய்வதால் சிக்கல் தீராமல் போவதுடன், அந்தக் கணினியில் மட்டுமே சேமிக்கப்பட்டிருந்த பழைய மின்னஞ்சல்களை இழக்கவும் நேரிடலாம்.

ஒரு கருவியில் இயங்கும் கணக்கு மற்றொன்றில் இயங்கவில்லை எனில், பெரும்பாலும் கோளாறு கணக்கில் இல்லை. அந்தக் கணினியிலோ, அது பயன்படுத்தும் இணைய வழியிலோ உள்ளது. எனவே, எதையும் மாற்றுவதற்கு முன் கோளாறு எங்குள்ளது என்பதை உறுதிசெய்வதே சரியான முறையாகும்.

முதலில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

முதலாவதாக, சிக்கலுக்குள்ளான அதே கணினியின் இணைய உலாவியில் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பார்க்க வேண்டும். அது திறந்தால் கணக்கும் கடவுச்சொல்லும் இணைய இணைப்பும் சரியாக உள்ளன என்று பொருள். அதன் பின்னர், அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருளையும் அதன் அமைப்புகளையும் மட்டும் ஆராய்ந்தால் போதும்.

இரண்டாவதாக, கைபேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் கணினிக்கு இணைய இணைப்பு அளித்துப் பார்க்கலாம். கைபேசி மொபைல் டேட்டாவிலும் கணினி அலுவலக வைஃபையிலும் இயங்கும்போது, இரண்டையும் ஒப்பிடுவது சரியான முடிவைத் தராது. ஹாட்ஸ்பாட்டில் மின்னஞ்சல் வரத் தொடங்கினால், தடை அலுவலக நெட்வொர்க்கில் உள்ளது.

மூன்றாவதாக, மின்னஞ்சல் வரவில்லையா, அனுப்ப மட்டும் இயலவில்லையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். பெறுவதற்கும் அனுப்புவதற்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளதால், ஒன்று சரியாக இருந்து மற்றொன்று பழுதாவது இயல்பே.

தேதி மாறினாலும் இணைப்பு துண்டிக்கப்படும்

மிக எளிய காரணங்களே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகின்றன. அவுட்லுக் மென்பொருளில் 'ஒர்க் ஆஃப்லைன்' என்ற பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தால், இணையம் இருந்தும் மின்னஞ்சல் வராது.

கணினியின் தேதியும் நேரமும் மற்றொரு காரணம். சர்வரின் நம்பகத்தன்மையை உறுதிப்படுத்தும் மின்னணுச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழையும் அது செல்லாததாகக் கருதி இணைப்பை மறுத்துவிடும். அணைத்து இயக்கும் ஒவ்வொரு முறையும் தேதி மாறினால், மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்புள்ளது. அதை மாற்றிவிட்டு, நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை இயக்கினால் போதும்.

நினைவில் தங்கிய பழைய கடவுச்சொல்

கடவுச்சொல்லை மாற்றிய சில மணி நேரத்திலோ, மறுநாளிலோ சிக்கல் தொடங்கியிருந்தால், கணினி பழைய கடவுச்சொல்லையே அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். விண்டோஸ் இயங்குதளம் இவற்றை 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற பகுதியில் சேமித்து வைக்கிறது. அதில் மின்னஞ்சல் தொடர்பான பழைய பதிவை மட்டும் நீக்கிவிட்டு, மென்பொருளைத் திறந்து புதிய கடவுச்சொல்லை அளிக்க வேண்டும்.

இதைத் தாமதிப்பதும் நல்லதல்ல. தவறான கடவுச்சொல் தொடர்ந்து அனுப்பப்பட்டால், பல நிறுவனங்களின் சர்வர்கள் அந்தக் கணக்கையே தற்காலிகமாக முடக்கிவிடும். அதன் பின்னர் கைபேசியிலும் மின்னஞ்சல் வராது.

மென்பொருள் பழையதாக இருந்தால்

எந்த அமைப்பையும் மாற்றாத நிலையிலும் திடீரென இணைப்பு நின்றுபோனால், சேவை வழங்கும் நிறுவனம் தனது பாதுகாப்பு விதிகளை மாற்றியிருக்கலாம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு உள்நுழையும் பழைய முறையைத் தனது எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் நிறுத்தும் பணியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கியது. கூகுள் நிறுவனமும் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே மாத இறுதியில் இதேபோன்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, பின்னர் அலுவலகக் கணக்குகளுக்கும் விரிவுபடுத்தியது.

புதிய உள்நுழைவு முறையை அவுட்லுக் 2010 பதிப்பு ஏற்காது. 2013 பதிப்பில் அதற்கெனத் தனி மாற்றங்கள் தேவை. 2016 முதலான பதிப்புகளில் அந்த வசதி உள்ளமைந்தே வருகிறது. மென்பொருளைப் புதுப்பிக்க இயலாத நிலையில், இரு நிலைச் சரிபார்ப்பை இயக்கிய ஜிமெயில் பயனர்கள், அந்தச் செயலிக்கென 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லை உருவாக்கிப் பயன்படுத்த முடியும். அலுவலகக் கணக்குகளில் இதற்கு நிர்வாகியின் அனுமதி தேவைப்படலாம்.

தகவலை மறையாக்கம் செய்து அனுப்பும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. விண்டோஸ் 7 போன்ற பழைய இயங்குதளங்களில் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகவரியும் போர்ட் எண்ணும்

அலுவலகம் தனது மின்னஞ்சலை வேறொரு சேவைக்கு மாற்றும்போது, அண்மையில் அமைக்கப்பட்ட கைபேசியில் புதிய சர்வர் முகவரியும், பல ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட கணினியில் பழைய முகவரியும் இருக்கக்கூடும். எனவே, இரண்டிலும் உள்ள அமைப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது பயன் தரும்.

சர்வரில் உள்ள மின்னஞ்சல்களைப் பல கருவிகளில் ஒரே நிலையில் காட்டும் ஐமேப் முறைக்கு, மறையாக்கத்துடன் கூடிய போர்ட் எண் 993. மின்னஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறைக்கு 995. அனுப்புவதற்கான எஸ்எம்டிபி முறைக்கு 587 அல்லது 465 பயன்படுகிறது. பழைய கணினிகளில் காணப்படும் 25 என்ற எண்ணை, ஸ்பேம் மின்னஞ்சல்களைத் தடுக்கும் நோக்கில் இணையச் சேவை நிறுவனங்கள் பல முடக்கியுள்ளன. மின்னஞ்சல் வந்தும் அனுப்ப இயலாத நிலைக்கு இது ஒரு முக்கியக் காரணம். அனுப்பும்போது 535 என்ற பிழை எண் தோன்றினால், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை சர்வர் ஏற்கவில்லை என்று பொருள்.

வைரஸ் தடுப்பு மென்பொருளும் விபிஎன் செயலியும் சில நேரங்களில் இடையில் நின்று இணைப்பைத் தடுக்கும். அவற்றை முழுமையாக நீக்கத் தேவையில்லை. மின்னஞ்சலை ஆராயும் வசதியைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்திச் சோதித்துவிட்டு, மீண்டும் இயக்கிவிட வேண்டும். நிறுவனத்தில் பதிவு செய்யப்படாத கணினிகளுக்கு மின்னஞ்சலைத் திட்டமிட்டே மறுக்கும் அலுவலகங்களும் உள்ளன. அங்கு தடையைச் சுற்றிச் செல்ல முயலாமல், அனுமதி கோருவதே முறை.

கணக்கை நீக்குவதற்கு முன்

மேற்கண்ட எதுவும் பலனளிக்காதபோது மட்டுமே கணக்கைப் புதிதாக அமைப்பது குறித்துச் சிந்திக்க வேண்டும். கணக்கு எக்ஸ்சேஞ்ச் அல்லது ஐமேப் முறையில் இருந்தால், சர்வரில் உள்ள மின்னஞ்சல்கள் மீண்டும் இறங்கிவிடும். பாப் முறையில் இருந்தால், இறக்கப்பட்ட மின்னஞ்சல்களுக்கு அந்தக் கணினியைத் தவிர வேறு எங்கும் நகல் இல்லாமல் இருக்கலாம். சில மென்பொருள்களில் கணக்கை நீக்கும்போதே அவையும் அழிந்துவிடும். 'இந்தக் கணினியில் மட்டும்' எனக் குறிக்கப்பட்ட கோப்புறைகளுக்கும் அனுப்பப்படாமல் தேங்கிய மின்னஞ்சல்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே, தரவுக் கோப்பை முதலில் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். அவுட்லுக்கில் பழைய சுயவிவரத்தை அழிக்காமல், அதன் அருகிலேயே புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கிச் சோதிக்க முடியும். புதியதில் மின்னஞ்சல் வந்தால் பழையது பழுதடைந்துள்ளது என்பது உறுதியாகும்.

போலி உதவி எண்கள்: எச்சரிக்கை தேவை

அவசரத்தில் இணையத்தில் தேடி, கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை அழைப்பது பெரிய இழப்பில் முடியலாம். கணினியைத் தொலைவில் இருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வதும், கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்பதும் மோசடிக்காரர்களின் வழக்கமான உத்திகள். அலுவலக மின்னஞ்சல் அவர்கள் கைக்குச் சென்றால், வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வாடிக்கையாளர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திசைதிருப்ப இயலும். பண இழப்பு ஏற்பட்டால் உடனடியாக 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவை அணுகும்போது, திரையில் தோன்றிய பிழைச் செய்தியின் படம், சிக்கல் தொடங்கிய நேரம், அதற்கு முன் செய்யப்பட்ட மாற்றம், உலாவியிலும் ஹாட்ஸ்பாட்டிலும் நடத்திய சோதனைகளின் முடிவு ஆகிய நான்கையும் தெரிவித்தால் தீர்வு விரைவுபடும். கடவுச்சொல்லை அவர்களிடமும் தெரிவிக்க வேண்டியதில்லை. அதுவரை, உலாவி வழியாகவோ கைபேசி வழியாகவோ அலுவல் பணியைத் தொடரலாம்.