படமும் பிழைப்பும்: கோம்பை நாயை முன்வைத்துச் சில குறிப்புகள்

வளர்ப்பு விலங்குகளைப் படமெடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே வருமானம். முன்னது பின்னதாக மாறுவது எப்படி என்று கேட்டால் நல்ல கேமரா, நல்ல ஒளி, பொறுமை என்று விடை சொல்வோம். வரலாற்றைப் பார்க்கையில் இன்னொன்றும் தெரிகிறது. நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் இருவருக்கும் பிழைப்பைத் தந்தவை படமும் அதனோடு சேர்ந்த சொல்லும்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்தவர் ஹாரி பாயின்டர் (1822–1889). பூனைகள் பால் குடிப்பதையும் உறங்குவதையும் எடுத்துக்கொண்டிருந்தவர், 1870களில் அவற்றை வேடிக்கையான நிலைகளில் அமர்த்தி எடுக்கலானார். படத்தின் அடியில் ஒரு வாழ்த்தையோ நகைச்சொல்லையோ சேர்த்து அட்டைகளாக விற்றார். 1884க்குள் அத்தகைய படங்கள் ஏறத்தாழ 200 ஆகிவிட்டன. சாதாரணப் பூனைப் படத்தையும் ஒரு வரி விலைபோக வைக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அந்த ஒரு வரியை அறிவாக வளர்த்தவர் நம் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். சட்டம் படித்தும் வழக்கறிஞராகவில்லை. 1942இல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர் முதல் நீதிபதி வரை பல பொறுப்புகளை வகித்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் அரசு வேலையை நாடாமல் சென்னை திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். 1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய அவரது பத்தி, அவர் மறைந்த 1996 பிப்ரவரி 18 வரை 46 ஆண்டுகள் வந்தது. பல உறுப்புகளைத் தாமே பொருத்திச் செய்த பருமனான கேமராவால் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். யானையும் காட்டெருதும் மட்டுமல்ல, வீட்டுப் புறாவும் நாட்டு நாயும் அவருக்குப் பொருளாயின. படத்தில் உள்ள உயிர் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று அவரால் எழுத முடிந்தது. இதழ்கள் அவரைத் தேடியது அதனால்தான் என்று நாம் கருதுகிறோம். பெருஞ்செல்வம் சேரவில்லை, ஆனால் பிறர் விருப்பத்துக்கு வளையாத பிழைப்பாக அது இருந்தது.

பெரியாற்றின் யானைகளும் அவர் படங்களில் உண்டு. அந்தச் சரணாலயத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் கிடப்பதுதான் நம் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே உத்தமபாளையத்துக்கு மேற்கே இருக்கிறது கோம்பை, தன் பெயரையே ஒரு நாயினத்துக்குத் தந்த ஊர். செம்பழுப்பு உடல், கருத்த முகவாய். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர்போன நாய்.

பேர் இருக்கிறது, சான்று போதுமா என்பதே கேள்வி. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் ராஜபாளையம் இருந்தது, கோம்பை இல்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் முதலில் பதிவு செய்த மூன்று நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல். அங்கும் கோம்பைக்கு இடமில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் கோம்பையின் பெயர் ஒலித்தது. பெயர் பரவினால் நாய்க்கு விலை ஏறும். விலை ஏறினால் எந்தச் செம்பழுப்புக் குட்டியும் கோம்பையென்று கைமாறக்கூடும். எது கோம்பை என்று காட்டும் பதிவு இல்லாவிட்டால், பெயர் நிலைத்து இனம் கரைந்துபோகும்.

இங்கேதான் படமெடுப்பவருக்கு வேலை இருக்கிறது. திருமணப் படமெடுக்கும் இளைஞர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களில் ஒருவர் நாயைப் பக்கவாட்டில் நிறுத்தி, பல், காது, வால், நிறம் தெரிய எடுக்கட்டும். உயரம், வயது, தாய் தந்தை வழி, ஊர், நாள் ஆகியவற்றை உடன் எழுதி வைக்கட்டும். வளர்ப்பவருக்கு அது தன் நாயின் சான்று, வாங்குபவருக்கு உறுதி, கால்நடை ஆய்வாளருக்குத் தரவு. மூவருமே அதற்குப் பணம் தரக் காரணம் உண்டு. வெறும் அழகுப் படத்துக்கு அவ்வளவு காரணம் இல்லை. அதைச் செல்பேசியிலேயே அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே முறை நம் மலைமாட்டுக்கும் பொருந்தும். ஆயினும் கோம்பையில் தொடங்குவதே முறை. ஊர்ப் பெயரைத் தாங்கிய உயிருக்கு ஊர்க்காரர் ஒருவர் எழுதும் குறிப்பில் இருக்கும் நெருக்கம், கர்னாலிலிருந்து வரும் பதிவேட்டில் இருக்காது.