நிறம் மாறியதா, பொருள் மாறியதா?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகவே எல்லோரும் எடுத்துக் காட்டுவர். முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919) பதினான்காம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறிக்கப்பட்டவை அவை. பிந்திய கல்வெட்டில் பலரும் விரைந்து கடந்து போகும் ஓர் இடம் உண்டு. ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியங்கள் அமைத்த சபையார், ‘பொன் வாரியம்’ என ஒன்றும் அமைத்து, அதற்கு ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்தனர். ஏரியை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தோட்டத்துக்குக் காவல் வேண்டும். பொன்னுக்கு எதற்கு ஒரு வாரியம்?

ஊருக்கு வந்து சேரும் பொன்னைச் சோதித்து ஏற்பதைக் கவனித்தது இவ்வாரியம் என்று வரலாற்றறிஞர்கள் பொருள் கொள்வர். அது பொருத்தமே. அந்நாளில் பொன் காசாக மட்டுமன்றி, எடைப் பொருளாகவும் கைமாறியது. கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவதெல்லாம் பொன்னாகாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஊர்க்கற்செம்மை’ என்றும் ‘தீப்போக்குச் செம்பொன்’ என்றும் வரும் தொடர்களே இதைச் சொல்லும். முன்னது ஊரின் உரைகல்லுக்கு ஒத்த மாற்றுடைய பொன். பின்னது தீயிலிட்டு எடுத்த பொன். கல், தீ என்னும் இவ்விரு சோதனைகளையும் சற்று நின்று பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் இன்று ‘பௌதிக மாற்றம்’, ‘இரசாயன மாற்றம்’ என்று மனப்பாடம் செய்யும் பாடம் முழுவதும் பத்தரின் பட்டறையில் இருக்கிறது.

உரைகல்லில் தேய்க்கும்போது பொன் பொடியாகி ஒரு கீற்றாகப் படிகிறது. வடிவம் மாறிற்று; பொருள் மாறவில்லை. கீற்றும் பொன்னே. அதனால்தான் அதன் நிறத்தை, மாற்று தெரிந்த ஆணியின் கீற்றோடு ஒப்பிட முடிகிறது. மூசையிலிட்டு உருக்கினாலும் அவ்வாறே. 1064 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் பொன் நீராகும்; ஆறினால் முன்போலக் கட்டியாகும். இவையெல்லாம் பௌதிக மாற்றம்.

ஆனால் அதே மூசையில், அதே நேரத்தில், வேறொன்றும் நடக்கிறது. பொன்னோடு கலந்திருக்கும் செம்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கறுத்த புதுப்பொருள் ஒன்றாகிறது. புடமிடுவோர் வேண்டுமென்றே ஈயத்தைச் சேர்ப்பர். ஈயமும் எரிந்து, செம்பின் கசட்டையும் இழுத்துக்கொண்டு, புடத்தட்டில் ஊறிப் போய்விடும். இது இரசாயன மாற்றம். வெள்ளி மட்டும் இந்தத் தீக்கும் அசையாது பொன்னோடு நிற்கும். அதைப் பிரிக்க உப்பு அல்லது திராவகத்தின் துணை வேண்டும். ஆக, ஒரே தீயில் பொன் வெறுமனே உருகுகிறது; செம்போ தன் தன்மையை இழந்து வேறாகிறது. மாற்றம் தீயால் என்று சொன்னால் போதாது. எதில் என்று கேட்க வேண்டும்.

‘திரும்பப் பெறக்கூடியது பௌதிக மாற்றம், திரும்பப் பெற முடியாதது இரசாயன மாற்றம்’ என்று ஒரு சூத்திரம் பாடங்களில் புழங்குகிறது. நமக்கு அதில் திருப்தியில்லை. கிழித்த தாள் மீண்டும் ஒட்டாது. ஆயினும் துண்டுகள் தாளே. காய்ந்து சிவந்த பொன் நிறம் மாறி நிற்கிறது. அதற்காக அது வேறு பொருளாகிவிடவில்லை. புதிய பொருள் பிறந்ததா என்பது ஒன்றே கேள்வி. நிறமும் புகையும் சூடும் அதற்கு அடையாளங்கள்; தீர்ப்பு அல்ல.

இக்கேள்வி அந்நாளில் இஸ்லாமிய உலகில் பெரும் வழக்காகவே நடந்தது. அல்கிந்தி கீமியாவை மறுத்து எழுதினார். அவருக்குப் பின் வந்த அபூபக்ர் ராஸி அதற்கு மறுப்பெழுதிக் கீமியாவின் பக்கம் நின்றார். ராஸி மறைந்தது கி.பி. 925 என்பர், நம்மூர்க் கல்வெட்டு வெட்டப்பட்டு நான்கே ஆண்டுகள். பின்னர் இப்னு ஸீனா (மறைவு ஹிஜ்ரி 428, கி.பி. 1037) தமது ‘ஷிஃபா’ நூலில் கனிமங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். தொழில் வல்லார் செம்புக்கு வெள்ளியின் நிறமும், வெள்ளிக்குப் பொன்னின் நிறமும் ஏற்றலாம். கண் ஏமாறும் அளவுக்கு ஏற்றலாம். உலோகத்தின் இனத்தை மாற்ற இயலாது என்பது அவர் கருத்து. ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து வேறாக்கும் மெய்யான தன்மை எதுவென்றே நாம் அறியோம். அறியாததை ஆக்குவதும் நீக்குவதும் எவ்வாறு என்று அவர் வினவினார். இப்பகுதி ஏறத்தாழ கி.பி. 1200-ல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, அரிஸ்டாட்டிலின் வாக்கு என்றே ஐரோப்பாவில் நெடுங்காலம் படிக்கப்பட்டது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாத் திராவகங்களையும் ஜாபிர் இப்னு ஹய்யான் கண்டுபிடித்தார் என்று நம்மவர் மேடையில் முழங்குவதுண்டு. வெடியுப்புத் திராவகத்தைத் தெளிவாகச் சொல்லும் நூல்கள் அவர் பெயரால் பிற்காலத்தில் இலத்தீனில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு அரபி மூலம் கிடையாது என்பதே ஆய்வாளர் முடிவு. இருக்கிற பெருமையே நமக்குப் போதும்.

ஃபிக்ஹு கலையிலும் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. ‘இஸ்திஹாலா’ என்பது அதன் பெயர். ஒரு பொருள் தன் மூலத்தன்மை மாறி வேறொன்றாவது. மது தானாகவே காடியாகிவிட்டால் அது தூயது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. உப்பளத்தில் விழுந்து செத்த கழுதை காலப்போக்கில் உப்பாகவே ஆகிவிட்டால்? அது தூய்மையானது என்பது ஹனஃபிகளில் இமாம் முஹம்மது அவர்களின் கருத்து. ஷாஃபிஈகள் இவ்வளவு தூரம் வாசலைத் திறப்பதில்லை. மது காடியாவதை நுண்ணுயிர்கள் நிகழ்த்தும் இரசாயன மாற்றம் என்று பாஸ்டர் விளக்கியது 1860-களில். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, வாசனை போனதா என்பதோடு நில்லாமல், பொருளே போனதா என்று நம் ஃபுகஹாக்கள் கேட்டிருக்கிறார்கள்.

கி.பி. 1121-ல் அல்காஸினி ‘மீஸானுல் ஹிக்மா’ எழுதினார். காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்துக் கலப்பை அறியும் தராசு அதில் விளக்கப்படுகிறது. தண்ணீரைப் போல் பொன் 19.3 மடங்கு கனம், வெள்ளி 10.5, செம்பு ஏறத்தாழ 9. நிறத்தைப் பூசலாம், இந்தக் கனத்தைப் பூச முடியாது. இப்னு கல்தூனோ ‘முகத்திமா’வில், வெள்ளியின் மேல் பொன் பூசி விற்கும் போலிக் கீமியாக்காரர்களை வெளுத்து வாங்குகிறார். கீமியா இயலாது என்ற இப்னு ஸீனா செல்வம் மிக்க வஸீராக இருந்தார், இயலும் என்ற ஃபாராபி வறியவராக இருந்தார் என்று அவர் போகிற போக்கில் குத்துவதைப் படிக்கையில் சிரிப்பு வரும்.

1789-ல் லவாய்சியர் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் பொன் இடம் பெற்றது. பொன் அணுவின் கருவில் 79 புரோட்டான்கள் உள்ளன. உலைத்தீயும் திராவகமும் அவற்றைத் தொடுவதில்லை. 1980-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் பிஸ்மத்திலிருந்து மிகச் சில ஆயிரம் பொன் அணுக்களை ஆக்கினர். அது அணுக்கரு மாற்றம். பௌதிகமும் அன்று, இரசாயனமும் அன்று. செலவோ சொல்லி மாளாது.

இத்தனையையும் நாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து வீட்டு வாசலில் வந்து, “பழைய நகைக்கு மெருகு போட்டுத் தருகிறோம்” என்பார் கூட்டம் நம் ஊர்ப்புறங்களில் இன்னும் ஓயவில்லை. முதலில் கொலுசை ஒரு பொடியால் துலக்கிக் காட்டுவார்கள். அது வெறும் அழுக்கு நீக்கம். பிறகு தாலிச் சங்கிலியையோ கருகமணியையோ கேட்டு வாங்கி, ஒரு கிண்ணத்து நீரில் முக்குவார்கள். அந்த நீர் இராஜ திராவகம். உப்புத் திராவகம் மூன்று பங்கு, வெடியுப்புத் திராவகம் ஒரு பங்கு. தனித்தனியே பொன்னை ஒன்றும் செய்ய இயலாத இவ்விரண்டும் சேர்ந்தால் பொன்னைக் கரைத்துவிடும். மேல்தோல் கரைந்த நகை பளபளவென்று வெளியே வரும். பார்க்கும் பெண்களுக்கு மெருகாகத் தெரிவது இரசாயன மாற்றம். நகையை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கும் வீடு எது? கிண்ணத்தில் எஞ்சிய மஞ்சள் நீரை அவர்கள் கொட்டுவதில்லை. அன்னபேதிக் கரைசலை அதில் ஊற்றினால் பொன் பழுப்புத் தூளாக அடியில் படியும். தூளை வடித்து மூசையிலிட்டு உருக்கினால் பொன் மணியாகத் திரளும்.