தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், புதிதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டியெடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். சிலர் குழந்தையை அயல்வீட்டுக்காரியிடம் கொடுத்து, முறத்தில் தவிடு அளந்து திரும்ப வாங்கினார்கள். அந்தப் பிள்ளை தவிடன். மதிப்பற்ற பிள்ளையென்று எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரத்தில் ஏறத்தாழ 200 குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. சாவு மலிந்த காலத்துப் பெற்றோர் பிள்ளைகள்மேல் அவ்வளவாக ஒட்டுதல் வைக்கவில்லை என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960இல் வாதிட்டார். இப்பெயர்கள் அதை மறுக்கின்றன: ஒட்டாதவருக்கு எமனை ஏமாற்றும் தேவை ஏது? இழிபெயர்களைச் சாதி ஆதிக்கமும் திணித்தது உண்மையே. ஆனால் பிச்சையும் குப்புசாமியும் வசதியான, மேல்சாதி வீடுகளிலும் வளர்ந்தார்கள். வேண்டாத பிள்ளை என்று ஊரறியச் சொன்னது, இதுவாவது தங்கவேண்டும் என்ற தவிப்புதான்.